ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லாத நர்சம்மா

மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். திண்டிவனத்தில் ஒரு வாடகைக் கொட்டகையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மெஷின் ஒன்றைப் போட்டுத் தொழில் ஆரம்பித்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர் வாங்கி மூன்று பேரும் ஓட்ட முடியாமல் தள்ளிவிட்ட மெஷின் அது. என் கையில் ஓடியது. அப்புறம் நெல் அவிக்கிற மில். "கையெழுத்தே கோணலாப் போடறவனுக்கு மில்லு எதுக்குடா" என்று கேட்டவர் என் சொந்தச் சித்தப்பா. அந்தக் கோணல் கையெழுத்தைப் போட்டுத்தான் லாரிகள் வாங்கினேன். அடியில் பாறை, தண்ணீர் வராது என்று படித்தவர்கள் சொன்ன இடத்தில் போர் போட்டேன். இன்றைக்கும் தண்ணீர் வருகிறது. கடைசியாகக் கல்யாண மண்டபம். நடுவில் ஒரு தூண் கிடையாது. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் தாலி கட்டுவது தெரியும். அதற்குப் படம் போட்டவன் நான், தரையில் கரித்துண்டால்.

இத்தனைக்கும் யாரும் கைகொடுக்கவில்லை. யாருக்கும் நான் பயந்ததும் இல்லை, ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆள் நாற்பது கிலோ இருந்தால் அதிகம்.

எங்கள் பக்கத்துக்குத் தடுப்பூசி போட வந்துகொண்டிருந்த நர்சம்மா அவர். பேர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. விழுப்புரத்தில் மாதா கோயில் தெருவில் வீடு. அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நீலச் சேலை, தோளில் பை, ஒரு கையில் மருந்து வைத்த ஐஸ் பெட்டி, இன்னொரு கையில் குடை. வெயிலாக இருந்தாலும் குடையை விரித்து நான் பார்த்ததில்லை. அதை ஊன்றிக்கொண்டு நிற்பார். அவர் நிற்பதுதான் ஊருக்குப் பயம்.

எப்படி என்றால், ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும். பதில் சரியில்லை என்று தோன்றினால் திருப்பிக் கேட்க மாட்டார். சத்தம் போட மாட்டார். குடையை ஊன்றிக்கொண்டு சும்மா நிற்பார். எதிரில் இருக்கிறவனுக்குத்தான் உடம்பு கூசும்.

எங்கள் மில்லில் காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். காலில் ஆணி குத்திப் புண்ணாகிவிட்டது. நர்சம்மா வேறு வேலையாக மில் பக்கம் வந்தவர், அவர் நொண்டுவதைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று கேட்டார். ரெண்டு நாள்தான் என்றார் பெரியவர். நர்சம்மா நின்றார். நான் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு லாரி உள்ளே வந்து திரும்பி நிற்கிற நேரம் இருக்கும். அப்புறம் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு, "பதினோரு நாளு ஆவுதுமா" என்றார். உடனே அவர் கேட்டதையும் நான் மறக்கவில்லை.

"ஒண்ணும் ஆவாது இல்லம்மா?"

"ஆவலாம். இப்பவே கிளம்புங்க" என்றார் நர்சம்மா.

இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. ஆனால் ஊரில் என்ன பேச்சு? அந்த அம்மாவுக்குக் கருநாக்கு, அது ஆவலாம் என்று சொன்னதால்தான் விரல் போச்சு என்று பேச்சு. நல்ல வார்த்தை நாலு சொல்லத் தெரியாதா, நோயாளிக்கு அதுதானே பாதி மருந்து என்று பெண்கள் குறைப்பட்டார்கள். புதன்கிழமை ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போதே சிலர் சொல்லிவிடுவார்கள்: ஊசியை மட்டும் போடுமா, வாயைத் திறக்காதே என்று. அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு, எடை பார்த்து, கண் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. சுகாதார நிலையத்துப் பெரிய டாக்டர் என் மண்டபத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, இந்த அம்மாவை வேறு ஊருக்கு மாற்றுங்கள், ஜனங்கள் மிரள்கிறார்கள் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இலையில் கவனமாகிவிட்டார். நான் சொன்னது நர்சம்மா காதுக்குப் போயிருக்கும். போகாமல் இருக்காது. அதற்கு அடுத்த வாரமும் மில்லுக்கு வந்து, வேலை செய்கிற பெண்களில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மண்டபத் திறப்பு விழாவுக்கு அவரையும் அழைத்திருந்தேன். நான் எல்லாரையும் அழைத்தேன், அதுதான் என் பழக்கம். வந்தவர் மேடைப் பக்கம் வராமல் நேரே பின்கட்டுக்குப் போய், சமையல்காரரிடம் குடிக்கிற தண்ணீர் காய்ச்சினதா என்று கேட்டார். காய்ச்சினதுதான் என்றார் சமையல்காரர். நர்சம்மா நின்றார். அன்றைக்கு அத்தனை விருந்தாளிக்கும் வெந்நீர் ஆறுகிற வரைக்கும் கலர் சோடா கொடுத்துச் சமாளித்தோம்.

இனி என் பேத்தி கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் ஒரே மகனுக்கு முதல் குழந்தை. பெண். மருமகள் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்துப் பெண், வாய் திறந்து அதிகம் பேசாது. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டதால் வீட்டில் பெரிய மனுஷி என்று என் அக்காதான். குழந்தை கொழுகொழு என்று இருந்தது. பதினோரு மாதம் ஆகியும் வாயில் ஒரு பல் இல்லை.

நான் பாட்டுக்கு இருந்திருந்தால் ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் குழந்தைக்குப் பல் முளைத்தால் அரிசி மாவில் பல் போலச் சின்னச் சின்னதாகக் கொழுக்கட்டை பிடித்து, குழந்தையைப் பாயில் உட்காரவைத்துத் தலையில் கொட்டுவது வழக்கம். வீட்டோடு செய்கிற காரியம். நான் அதைக் காதுகுத்தோடு சேர்த்து மண்டபத்தில் வைப்பது என்று முடிவு பண்ணி, பதின்மூன்றாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டேன். அதற்குள் பல் வராமல் எங்கே போகும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் நாள் குறித்து வராதது எதுவும் இல்லை.

பல் வரவில்லை.

பத்திரிகை வாங்கினவன் எல்லாம் கேட்க ஆரம்பித்தான். என் சம்பந்தி வீட்டுக்கு வந்து குழந்தையின் வாயைப் பார்த்துவிட்டு, "கொழுக்கட்டையில இருக்கற பல்லுதான் பல்லு போல" என்றார். எனக்கு அப்போதே பல் செட்டு. அக்கா விடுவாளா? "தாத்தனுக்குப் போயிடுச்சு, பேத்திக்கு வரலை. ஒரு செட்டை வெச்சிகினு ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்குங்கடா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. பல் வராத பிள்ளைக்குப் பேச்சும் வராது என்று ஒருவர். மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது, அதனால்தான் வர யோசிக்கிறது என்று இன்னொருவர். எலும்பில் கோளாறு என்று லாரி டிரைவர்கூட ஒருவர் சொன்னார்.

விழாவுக்கு முந்தின புதன்கிழமை நர்சம்மாவிடம் நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன், மருமகள் பின்னால் வந்தது. நர்சம்மா தன் சோப்புப் பெட்டியை எடுத்துக் கையைக் கழுவி, துண்டில் துடைக்காமல் காற்றில் உதறி, சுண்டுவிரலைக் குழந்தையின் வாய்க்குள் விட்டார். விரலை ஈறின் மேல் மெல்ல நகர்த்தினார். அப்போது அவர் பார்வை குழந்தை மேல் இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கேயோ சத்தம் கேட்கிற மாதிரி. 

"கீழ மேடு தட்டுது. இன்னும் வெளிய வரலை" என்றார். குழந்தை உட்காருதா, நிற்குதா, கூப்பிட்டால் திரும்புதா, கேப்பைக் கஞ்சி குடிக்குதா என்று மருமகளிடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "பெரியவரே, உங்க பையனுக்கு எத்தனை மாசத்துல பல்லு வந்துது?" என்றார்.

ஊர் முழுக்க என்னை முதலாளி என்று கூப்பிடும். இந்த அம்மா மட்டும் பெரியவரே என்பார்.

என் பையனுக்குப் பல் முளைத்தபோது நான் எங்கே இருந்தேன்? மில்லுக்கு பாய்லர் வாங்க அலைந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆறாம் மாசமே வந்துடுச்சு" என்று அடித்துவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் அசையவில்லை. நின்று பார்க்கிறதில் நான் அவருக்குக் குறைந்தவனா? கடைசியில் அவர் ஒரு சீட்டு எழுதினார். அப்பனுக்குத் தாமதமாக வந்திருந்தால் பிள்ளைக்கும் தாமதமாக வரும், காத்திருக்கலாம், அப்படி இல்லை என்கிறீர்கள், அதனால் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு முறை காட்டி ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றார்.

நான் கேட்டேன், மில் காவல்காரர் கேட்ட அதே கேள்வியை. ஒண்ணும் ஆவாதில்லையா என்று.

"பார்த்துட்டுச் சொல்லலாம்" என்றார்.

அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விழா முடியட்டும் என்று மகனிடம்கூடச் சொல்லவில்லை. மருமகளையும் பேச வேண்டாம் என்றேன். பையில் அது நெருப்பு மாதிரி இருந்தது. என் குலத்தில் ஒரு சீக்கு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். பயம் அறிவை முந்திக்கொண்டு ஓடுகிறது, ஐயா. மறுநாள் வியாழக்கிழமை காலையில் மருமகள் குளிக்கப் போயிருந்த நேரம். குழந்தை தூளியில் விழித்துக் கிடந்தது. மேசை மேல் மில்லுக்குச் சாம்பிளாக வந்த நெல் ஒரு தட்டில் இருந்தது. நெல் முனையால் ஈறைக் கீறிவிட்டால் உள்ளே நிற்கிற பல் வழி கிடைத்து வந்துவிடும் என்று லோடு இறக்கும் ஆட்கள் பேசிக்கொண்டதை எப்போதோ கேட்டிருக்கிறேன். மேடு தட்டுகிறது என்று அந்த அம்மாவே சொன்னதுதானே. நல்ல முற்றின நெல்லாக ஒன்றைப் பொறுக்கினேன். உப்புத் தண்ணீரில் கழுவினேன். கீறினேன்.

அது கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு பொட்டு ரத்தம். வேட்டி முனையால் துடைத்தேன். கையில் இருந்த நெல்லைப் பார்த்தேன். முனை இல்லை. வாழ்நாளெல்லாம் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து விலை சொன்னவன் நான். முனை உடைந்த நெல் எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். கீறுவதற்கு முன்னால் அது முழு நெல். ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டேன்.

மருமகள் ஈரத் தலையோடு ஓடி வந்தது. பல் வருகிற வலி என்றேன். அதன் முகம் மலர்ந்துவிட்டது. "பல்லு வருதுங்களா மாமா?" என்று கேட்டுக் குழந்தையை வாரி எடுத்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை தாடை வீங்கியது. சனிக்கிழமை காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. பால் குடிக்கவில்லை, கஞ்சியை உள்ளே வாங்கவில்லை, எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. முதலில் அழுதது, பிறகு அழக்கூட இல்லை. விழாவுக்கு வந்திறங்கின சொந்தக்காரர்கள் வீடு நிறைய. ஒவ்வொருவராகக் குழந்தையைப் பார்த்தார்கள். பல் வர்ற காய்ச்சல், ஒண்ணும் ஆவாது. நாளைக்குக் கொழுக்கட்டை கொட்டினா சரியாயிடும், ஒண்ணும் ஆவாது. என் மகனும் சொன்னான், அக்காவும் சொன்னாள். ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாது.  அந்த வீட்டில் எனக்கு மட்டும்தானே தெரியும்.

நானே வண்டியை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போய் நர்சம்மாவை அழைத்து வந்தேன். வழியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வந்தவர் கை கழுவினார். இந்த முறை விரலை உள்ளே விடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தடியில் தொட்டுப் பார்த்தார். எழுந்து நின்று, "ஈறுல ஏதோ பட்டிருக்குது. இன்னா பட்டுது?" என்றார்.

 சீப்பைக் கடித்திருக்குமோ, கிலுகிலுப்பை குத்தியிருக்குமோ என்று மருமகள் எதை எதையோ சொல்லி அழுதது. "புள்ளையை ஒரு நாழி பார்த்துக்க மாட்டியா நீ" என்று என் மகன் எல்லார் முன்னாலும் அதன் மேல் பாய்ந்தான். சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். பெற்றவளுக்குக் கவனம் போதாது என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

நர்சம்மா நின்றார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் பக்கம் திரும்பவே இல்லை. "அது எது, உள்ள ஒடிஞ்சி இருக்குதான்னு தெரிஞ்சா டாக்டரு அங்கயே பார்ப்பாரு. தெரியலைன்னா தேடணும். தேட நேரம் இருக்குதான்னு எனக்குத் தெரியாது" என்று மட்டும் பொதுவாகச் சொன்னார்.  குழந்தை மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இந்த வீடு, வாசலில் கட்டின பந்தல், நாளைக்கு வரப் போகிற கூட்டம் எல்லாம் ஒரு பக்கம். அந்தக் கொரகொர மூச்சு ஒரு பக்கம். 

"நெல்லு" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "நான்தான் கீறனேன். நெல்லு முனை உள்ளயே நின்னுடுச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

மருமகள் என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன். பையில் இருந்த சீட்டை எடுத்து மகனிடம் கொடுத்தேன், ஆறாம் மாதம் என்று நான் சொன்னது எனக்கே தெரியாத கணக்கு என்பதையும் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, உன் புள்ளைக்கு ஒன்றரை வயசு வரைக்கும் பொக்க வாய்தாண்டா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னா?"

நர்சம்மா திட்டவில்லை. எந்தப் பக்கத்து ஈறு, எத்தனை மணி, எத்தனை தடவை என்று மட்டும் கேட்டார். மருமகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சியது. "எனக்குத் தெரியாதும்மா. நானும் கூட வர்றேன், ஏறு வண்டியில" என்றார்.

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் நான் ஆயிரம் தடவை போன ரோடு. அன்றைக்கு அது முடியவே இல்லை. நர்சம்மா குழந்தையை ஒருக்களித்து மடியில் வைத்து, எச்சில் உள்ளே போகாமல் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் எண்ணுவதை நிறுத்தி, குனிந்து காது வைத்துக் கேட்டார்.  பிறகு மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என்னிடம், "நீங்களே சொல்லுங்க பெரியவரே. நான் சொன்னா பாதிதான் போய்ச் சேரும்" என்றார். சொன்னேன். முதலில் பார்த்த சின்ன டாக்டரிடம் ஒரு தடவை, பெரிய டாக்டரிடம் ஒரு தடவை, மயக்க ஊசி போட வந்தவரிடம் ஒரு தடவை. ஒவ்வொருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கிழித்துச் சீழை எடுத்து, நெல் முனையையும் எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு. அந்தத் துணுக்கில் ஒரு உயிரைப் பணயம் வைத்துவிட்டேன்.

மூன்று நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை விழாவை நிறுத்தினோம். நாலாம் நாள் நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பால் குடிக்குது" என்றார். அவ்வளவுதான் அவர் வாயில் இருந்து வந்த நல்ல வார்த்தை.

ரத்தமும் பார்த்தார்கள், கோளாறு எதுவும் இல்லை. பதினாறாம் மாதத்தில் கீழே இரண்டு பல் தானாக வந்தது. கொழுக்கட்டையை வீட்டில் மருமகளே பிடித்துக் கொட்டியது. நான் கதவு ஓரம் நின்று பார்த்தேன். பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அந்தக் குழந்தையை மருமகள் என்னோடு தனியாக விட்டதே இல்லை. கேட்க எனக்கு வாய் கிடையாது.

நர்சம்மா வேலையில் இருந்து ஓய்வு பெற்றபோது என் மண்டபத்தில்தான் பாராட்டு விழா நடத்தினோம். பேச வந்தவர் ஒருவர், இந்த அம்மா ஒரு குழந்தையின் ஈறில் விரலை வைத்த உடனே உள்ளே நெல் இருப்பதைக் கண்டுபிடித்த கை ராசிக்காரர் என்று பேசினார். கை தட்டினார்கள். நர்சம்மா மைக்கை வாங்கி, "நான் கண்டுபிடிக்கலைங்க. கேட்டேன், சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. முன் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் அந்த அம்மா விழுப்புரத்தில் இறந்துபோனார். துக்கத்துக்குப் போயிருந்தேன். அங்கேயும் அதே கதை. விரல் வைத்தார், கண்டுபிடித்தார் என்று. அவருடைய நினைவாக ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறார்களாம், அதிலும் இது வருமாம். என் பேத்தி இப்போது எட்டாம் வகுப்பு. கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கிறாள். யார் சொன்னது என்று அவள் கேட்பாள்.

ஆகையால் புத்தகம் போடுகிறவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த அம்மா மந்திரக்காரி அல்ல. அவர் கேட்டார். நாலு பேர் முன்னால், வாயில் எச்சில் வற்றிப்போய், சொன்னவன் நான். அது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். மண்டபம் கட்டினதைவிடக் கஷ்டம். கீறினவனும் நான்தான். என் பேரைப் போடுங்கள், இரண்டு இடத்திலும் போடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் போடுவதாக இருந்தால், கீறின இடத்தில் போடுங்கள். ஆனால் போடாமல் விடக் கூடாது.